பத்தாவது அடி

எம்.சி. ரோட்டில் முப்பத்தெட்டு வருஷமாகத் துணி விற்கும் உபைதுல்லா பாய்க்கு உலகத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். விலை படியாமல் கடைப்படி இறங்கி நடக்கிற ஆளைப் பத்து அடிக்குள் கூப்பிட்டுவிட வேண்டும். மூன்றாவது அடியில் கூப்பிட்டால் கடைக்காரனுக்கு மரியாதை இல்லை. ஐந்தாவதில் கூப்பிட்டால் துணி பழசு என்று நினைத்துக்கொள்வார்கள். எட்டு, ஒன்பது நல்ல பதம். பத்தைத் தாண்டினால் ஆள் பக்கத்துக் கடைக்காரனின் சொத்து.

வாங்கப் போகிற இடத்தில் இதே வித்தையைத் திருப்பிப் போடுவார். விலையைக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார், இறங்கி நடப்பார். சூரத்தில் நடந்திருக்கிறார், ஈரோட்டில் நடந்திருக்கிறார். கூப்பிடாமல் விட்டவன் எவனும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் பிலோமினா இறந்தபோது சவப்பெட்டியைக்கூட பாய்தான் இப்படி நடந்து வாங்கிக் கொடுத்தார். சவப்பெட்டி விற்றவன் ஏழாவது அடியில் கூப்பிட்டுவிட்டான்.

பிலோமினா, அவருடைய சிநேகிதர் ஞானத்தின் மனைவி. ஞானம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின் தெருவில் வீடு. தினமும் பதினோரு மணிக்கு பாய் கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு டீ குடித்து, வருகிறவர்கள் எத்தனையாவது அடியில் திரும்புகிறார்கள் என்று மனசுக்குள் எண்ணிவிட்டுப் போவார். வீட்டில் எண்ணுவதற்கு ஆள் இல்லை.

ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் அவரேதான். ஒரே மகள் ஜானட். எட்டு வருஷத்துக்கு முன் கிரேன் பழுது பார்க்க மலேசியாக் கம்பெனி ஒன்றிலிருந்து பாரி என்ற தமிழ்ப் பையன் வந்தான். ஓட்டல் சோறு தின்று வயிறு கெட்டுக் கிடந்தவனை, ஞானம் தன் வண்டியிலேயே உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்து வஞ்சிர மீன் குழம்பு ஊற்றினார். நான்காம் மாதம் அவனும் ஜானட்டும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கவில்லை, பந்தல் இல்லை, பங்குச் சாமியாரிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. "எனக்குப் பொண்ணே பொறக்கல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் ஞானம்.

அதோடு விட்டிருந்தால் அது எல்லா வீட்டிலும் நடக்கிற கதை. பிலோமினா இறந்தபோது மகளுக்குச் சொல்லக் கூடாது என்று தடுத்தார். தெருமுனையில் பன்னிரண்டு அடிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். அதில் அண்ணன், தம்பி, கொழுந்தன், கொழுந்தியாள், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள், மூன்று மாதமே பால் ஊற்றின பால்காரர் வரைக்கும் பெயர் இருந்தது. ஜானட் பெயர் மட்டும் இல்லை. எவனோ அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட, கோலாலம்பூரில் இருந்த மகள் தன் தாய் இறந்ததையும் தனக்கு அங்கே இடமில்லை என்பதையும் ஒரே படத்தில் தெரிந்துகொண்டாள். அப்பாவுக்கு ஒரு வரி அனுப்பினாள். "அம்மா பேனர் பார்த்தேன்." மூன்று வருஷமாக அதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை.

வருகிற மார்ச்சில் மூன்றாம் ஆண்டு நினைவுப் பூசை. பிரஸ்காரன் புதுப் பேனருக்கு மாதிரி போட்டு ஞானத்தின் போனுக்கு அனுப்பியிருந்தான். அதில் முதல் வரிசையிலேயே, "மகள் ஜானட், மருமகன் பாரி, பேத்தி மகிழினி." மகளின் பள்ளித் தோழி ஷாலுவிடம் கெஞ்சி, புது நம்பரும் வீட்டு விலாசமும் வாங்கி வைத்திருந்தார்.

"போன்ல சொன்னா ஆவாது பாய்" என்றார் ஞானம். "நேர்ல போயி, தப்பு எம்மேலதான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். இந்தப் பேனரைக் காட்டணும். பூசைக்கு வாம்மான்னு கூப்டணும். அவ்ளோதான்."

"தனியா போவியா நீ? ஏர்போட்டுல வழி தெரியாம அழுதுகினு நிப்ப" என்றார் பாய். பொங்கல் வியாபாரம் ஓய்ந்து, எம்.சி. ரோடே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரம். அப்படித்தான் பிப்ரவரியில் மூன்று பேர் ஒரு வாரத்துக்குக் கிளம்பினார்கள். மூன்றாவது ஆள் சுப்புராஜ். எண்ணெய் ஆலை நாற்றத்திலேயே வாழும் மணலி புதுநகர்க்காரர், இரண்டு டேங்கர் லாரிக்குச் சொந்தக்காரர். அவருக்கு ஆசை இரட்டைக் கோபுரத்தைப் பார்ப்பது மட்டும்.

*

ஞாயிறு காலை கோலாலம்பூரில் இறங்கியதும் சுப்புராஜ் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்னா நைனா, ஒரு வாசனையும் வரல? மூக்கு செத்துப்போச்சா?"

"இதுக்குப் பேரு காத்து" என்றார் பாய். "உங்க மணலில கெடைக்காது."

வாசனை இல்லாத குறையை ஞானத்தின் பை தீர்த்துவைத்தது. ஜானட்டுக்கு உயிரான நெத்திலிக் கருவாட்டைக் காசிமேட்டில் வாங்கி, ஏழு சுற்று பிளாஸ்டிக்கில் கட்டி, வேட்டிக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார். மஸ்ஜித் இந்தியா தெருவில் எடுத்த லாட்ஜ் அறையில் அது தன் இருப்பை அறிவித்துவிட்டது. அறை சுத்தம் செய்கிற பெண் தினமும் ஒரு டப்பா சென்ட் அடித்துவிட்டுப் போவாள். மறுநாள் சென்டும் கருவாடும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று மணக்கும்.

திங்கட்கிழமை காலை ஞானம் ஒற்றை விரலால் தட்டி மகளுக்கு அனுப்பினார். "நான் அப்பா. கோலாலம்பூர் வந்திருக்கேன். உன்னைப் பார்க்கணும்."

பிறகு காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருக்கிற மனுஷனை லாட்ஜில் வைத்திருந்தால் கூரையைப் பார்த்தே செத்துவிடுவான் என்று பாய் இருவரையும் ஊர் சுற்ற இழுத்துக்கொண்டு கிளம்பினார். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கட்டுகிற பெண்கள் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தட்டு நிறைய இறாலைப் பார்த்து சுப்புராஜ் "எண்ணூர் எறாலு இத்தப் பாத்தா வெக்கப்படும்" என்றார். இரட்டைக் கோபுரத்தின் கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, "சோக்காதான் கீது. ஆனா இத்த வெச்சிகினு இன்னா பண்றான்?" என்று கேட்டார். சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்ததால் எங்கே பார்த்தாலும் சிவப்பு விளக்குக் கூண்டுகள். மதியம் மூன்று மணிக்கு மேல் தினமும் வானம் கிழிந்து கொட்டியது.

ஞானம் எதையும் பார்க்கவில்லை. போன் எதற்காகச் சத்தம் போட்டாலும் நின்றுவிடுவார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போகும். ஒவ்வொரு தடவையும் ஏதோ கம்பெனி விளம்பரமாக இருக்கும்.

"படிச்சிட்டா பாய். ரெண்டு நீலக்கோடு வந்துகீது" என்பார்.

"படிச்சிட்டாளா? அப்போ கடைக்கு உள்ள வந்துட்டா. துணியத் தொட்டுப் பாத்துகினு கீறா" என்பார் பாய்.

புதன்கிழமை காலை, லாட்ஜுக்கு எதிர்க் கடையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. ஞானம் போனை நீட்ட, சுப்புராஜ் வாங்கிப் படித்தார்.

"நாளைக்கு அஞ்சரை மணி. சென்ட்ரல் ஸ்டேஷன் கீழ் மாடி சாப்பாட்டுக் கடைங்க இருக்கும். அரை மணி நேரம் வரேன்."

ஞானம் அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்த துண்டிலேயே மூக்கைச் சிந்தி, "போதும்பா. அரை மணி நேரம் போதும்" என்றார். சுப்புராஜ் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

பாய் மட்டும் ரொட்டியைக் கீழே வைத்தார்.

அந்த நிமிஷத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு ரொட்டியைத் தின்றிருக்கலாம். பிறகு எத்தனையோ தடவை அந்த ரொட்டியை அவர் மனசுக்குள் தின்று பார்த்தார்.

"அரை மணி நேரமா?" என்றார் பாய். "பெத்த அப்பன் கடலத் தாண்டி வந்துகிறான். ஸ்டேஷன்ல வெச்சி, பார்சல் வாங்கற மாதிரி அரை மணி நேரமா? ஞானம், இது மொத வெல."

"இருக்கட்டும் பாய்…"

"இன்னா இருக்கட்டும்? அரை மணி நேரத்துல நீ இன்னா பேசுவ? பத்து நிமிஷம் அழுவ. பத்து நிமிஷம் மூக்கு சிந்துவ. பேனரை எப்போ காட்டுவ? மொத வெலைக்கு ஒத்துகினா அப்பால வாழ்நாள் பூரா அரை மணி நேரந்தான். வூட்டுக்குக் கூப்புடட்டும். பேத்திய மடில குந்த வெச்சிகினு பேசணும்."

"பாய், இது துணி இல்ல. பொண்ணு" என்றார் சுப்புராஜ்.

"பொண்ணாச்சே, அதான் சொல்றேன். துணிக்காரனே எட்டாவது அடில கூப்புடறான். பெத்த பொண்ணு மூணாவது அடில கூப்புடாதா?"

ஞானம் போனையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருஷமாக அவர் எதையும் பாய் விலை பேசாமல் வாங்கியதில்லை. தன் கல்யாணப் பட்டு, மிக்சி, ஜானட்டின் முதல் சைக்கிள், பிலோமினாவின் பெட்டி. ஒரு தடவையும் பாய் தோற்றதில்லை.

"நீயே சொல்லு. இன்னா போடறது?"

பாய் சொல்லச் சொல்ல சுப்புராஜ்தான் முனகிக்கொண்டே தட்டினார். "ஸ்டேஷன்ல எல்லாம் சரிப்படாதும்மா. வீட்டுக்குக் கூப்பிட்டா வரேன். இல்லன்னா பரவாயில்ல. சனிக்கிழமை ஊருக்குக் கெளம்பறேன்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதில் வந்தது.

"சரி."

"சரின்னா?" என்றார் ஞானம். "சரி, வூட்டுக்கு வான்னா? சரி, போன்னா?"

"நீ எறங்கிட்ட. மொத அடி வெச்சிகிற" என்றார் பாய். "திரும்பிப் பாக்காத. நட."

நடந்தார்கள். சௌகிட் மார்க்கெட்டில் ஆளுயரப் பலாப்பழக் குவியல்களுக்கு நடுவே நடந்தார்கள். கம்போங் பாருவில் மர வீடுகளுக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் எட்டிப் பார்க்கிற தெருவில் நடந்தார்கள். மாலையில் மழைக்கு ஒதுங்கினார்கள். போன் வாய் திறக்கவில்லை. "நாலாவது அடி" என்றார் பாய். வியாழன் காலை சீனக் கோயில் ஒன்றின் ஊதுவத்திப் புகையில் நின்றபோது, யாரும் கேட்காமலே "ஆறு" என்றார். அவர் குரலில் பழைய கெத்து கொஞ்சம் குறைந்திருந்ததை சுப்புராஜ் கவனித்தார். அதை ஞானம் கவனிக்கக் கூடாதென்று பேச்சை மாற்றினார்.

வியாழன் ஐந்து மணிக்கு பெட்டாலிங் தெருவில் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். மேலே தகரம் உடைகிற மாதிரி மழை.

"பாய், நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார் ஞானம். "ரெண்டு ஸ்டாப்பிங்தான்னு லாட்ஜ்காரன் சொன்னான். அவ வந்தா?"

"வர மாட்டா. நீதான் வரலன்னு சொல்லிட்டியே. இப்போ போயி நின்னுகினு இருந்தா, உன்ன எவன் மதிப்பான்? இன்னும் ஒரு நாள் கீது. நாளைக்குக் காலைல அவளே கூப்புடுவா."

ஞானம் இரண்டடி எடுத்து வைத்தார். பாய் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். வலுவாகப் பிடிக்கவில்லை. உதறியிருந்தால் விட்டிருப்பார். ஞானம் உதறவில்லை.

சரியாக ஐந்தரைக்கு பாய் ஒரு கைப்பைக் கடையில் தன் மனைவிக்குப் பை விலை கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். இறங்கி நடந்தார். நான்காவது அடியில் சீனக்காரக் கிழவர் "பாஸ்! பாஸ்!" என்று கத்திக்கொண்டு பையோடு பின்னாலேயே ஓடிவந்தார்.

"பாத்தியா ஞானம்? பாத்தியா?" பாயின் முகமெல்லாம் பல். "பாஷ தெரியாதவனே கூப்புடறான்!"

ஞானம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை காலை ஞானம் யாரையும் கேட்கவில்லை. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் செந்தூலுக்குப் போறேன், அவ வூட்டுக்கு. வரதுன்னா வாங்க" என்றார்.

செந்தூல் அவர்களுக்குப் பழகின மாதிரி இருந்தது. ரயில்வே பணிமனைப் பக்கம், துருப்பிடித்த தண்டவாளம், மாதா சிலை வைத்த கெபி, டீக்கடையில் தமிழ்ப் பாட்டு. "நம்ம ராயபுரத்த யாரோ கழுவி வெச்ச மாதிரி கீது" என்றார் சுப்புராஜ்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறாவது மாடி. ஷாலு கொடுத்த எண் எழுதிய கதவுக்கு முன்னால் இரும்புக் கம்பிக் கதவு, அதில் பூட்டு. உள்ளே ஜன்னலோரம் சின்னக் குழந்தையின் சிவப்புச் செருப்பு தெரிந்தது. ஞானம் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாய்தான் பக்கத்துக் கதவைத் தட்டினார்.

நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கையில் கரண்டியோடு வந்தாள். அந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ‘லா’ போட்டாள்.

"ஜானட்டா? இல்ல லா அங்கிள். காலைல ஆறு மணி பஸ்ஸுக்கு ஈப்போ போய்ட்டாங்க. மாமியார் வீடு. சீனப் பெருநாள் லீவு முடிஞ்சு, பத்து நாள் கழிச்சுத்தான் வருவாங்க. நீங்க யாரு?"

ஞானத்தின் கண் அந்தச் செருப்பை விட்டு நகரவில்லை. "அவங்கப்பா" என்றார் சுப்புராஜ்.

அந்தப் பெண் கரண்டியை இறக்கிக்கொண்டாள்.

"நீங்கதானா? அய்யோ அங்கிள்! புதன்கிழமையே போக வேண்டியவங்க. பாரி அப்பவே போய்ட்டாரு. அப்பா வர்றாரு, பார்த்துட்டுத்தான் போவேன்னு இவங்க மட்டும் பிள்ளையோட நின்னாங்க. வீட்டுக்குக் கூப்பிட வேண்டியதுதானேன்னு நான்தான் கேட்டேன். அவங்களுக்கு ஏது நேரம் லா? காலைல ஆஸ்பத்திரி வேலை, சாயங்காலம் கடையில கேஷியர். நடுவுல அரை மணி நேரம்தான் அவங்களுக்கு, தினமும். அதுலதான் சாப்பிடுவாங்க."

ஞானம் கருவாட்டுப் பொட்டலத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க வரலன்னு சொல்லிட்டீங்களாமே? அப்படியும் நேத்து சென்ட்ரலுக்குப் போனாங்க அங்கிள். ஒருவேளை வந்துட்டா அப்பா தேடுவாருன்னு. கடைக்கு லீவு சொல்லிட்டு, பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டு. ஏழரை வரைக்கும் உக்காந்துட்டு நனைஞ்சுக்கிட்டு வந்தாங்க." அவளுக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியிருக்க வேண்டும். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

பாய் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அவருடைய முப்பத்தெட்டு வருஷ வியாபாரத்தில், கையில் இருப்பதை முழுசாக எடுத்து முதல் வார்த்தையிலேயே வைத்த ஆளை அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது. அவரைப் பொறுத்தவரை முதல் விலைக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு விலை ஒளிந்திருக்கும்.

ஞானம் பொட்டலத்தை நீட்டினார். "இத்த… அவளாண்ட குடுத்துடும்மா."

அவள் வாங்கி முகர்ந்து பார்த்தாள். "கருவாடா? பத்து நாள் ஆகும் அங்கிள். எங்க வீட்ல சைவம். வெளிய வெச்சா பூனை விடாது" என்று தயங்கித் திருப்பிக் கொடுத்தாள். கோலாலம்பூரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காசிமேட்டுக்கே திரும்பிய கருவாடு அநேகமாக அது ஒன்றுதான்.

கீழே இறங்கியதும் ஞானம் மகளுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. பத்து தடவை. படியில் உட்கார்ந்து, சுப்புராஜைப் போனை வாங்கக்கூட விடாமல், தானே தட்டித் தட்டி எழுதினார். "தப்பு எம்மேலதான். அன்னைக்கும், நேத்தும். மன்னிச்சிடும்மா." பேனர் மாதிரியையும் சேர்த்து அனுப்பினார். சனிக்கிழமை விமானத்தில் ஏறுகிற வரைக்கும் நீலக்கோடு வரவில்லை. பாய் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். நாலு மணி நேரமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது வாழ்க்கையிலேயே அதுதான் அதிக நேரம்.

*

ஊருக்கு வந்து பதினெட்டு நாள் ஞானம் கடைப்பக்கம் வரவில்லை. பத்தொன்பதாவது நாள் பதினோரு மணிக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாய் டீ சொன்னார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்தார்கள்.

கடையில் ஒரு அம்மாள் மகளின் வளைகாப்புக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையில் அரக்கு பார்டர். விலை கேட்டாள், பாதி விலைக்குத் தருவியா என்றாள், உதட்டைப் பிதுக்கினாள், படி இறங்கினாள்.

ஒன்று. இரண்டு.

"அம்மா! அம்மா, வாம்மா!" பாய் எழுந்தே நின்றுவிட்டார். "நீ கேட்ட வெலைக்கே எட்த்துக்கோ. வாம்மா!"

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள்.

"இன்னா பாய், கேட்ட ஒடனே குடுக்கற? கறையா, கிழிசலா? சாயம் போவுமா?" என்றாள். "வாணாம்பா. நீயே கட்டிக்க."

அவள் போய்விட்டாள். பத்து அடியைத் தாண்டி, பக்கத்துக் கடைக்குள் நுழைந்து மறைகிற வரைக்கும் பாய் நின்றுகொண்டிருந்தார்.

ஞானம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவர் முன்னால் கல்லாவின் மேல் வைத்தார்.

"காலைல வந்துச்சி. படி."

பாய் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"பார்த்தேன்பா. உடம்பைப் பார்த்துக்கோங்க. பேனர்ல என் பேர் வேண்டாம். எடுத்துடுங்க."

பாய்க்கு உள்ளே எங்கேயோ ஒரு பழைய பழக்கம் தலைதூக்கியது. பதில் வந்திருக்கிறது, ‘உடம்பைப் பார்த்துக்கோங்க’ என்று வேறு போட்டிருக்கிறாள், அப்படியென்றால் இன்னும் பேச இடம் இருக்கிறது, இதற்கு இப்படிப் போடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தார். ஞானம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடிக்கொண்டார்.

"பிரஸ்காரன் கேட்டுகினு கீறான்" என்றார் ஞானம். "சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், எட்த்துடறதா, வுட்டுடறதான்னு." பிறகு கோபமும் இல்லாமல், கேலியும் இல்லாமல், முப்பது வருஷமாக எல்லாவற்றையும் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"இப்போ நான் எத்தினி அடி போவணும் பாய்?"

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. பாய் அந்தப் பச்சைச் சேலையை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார்.